எரிவாயு மின் நிலையத்துக்கு யார், எதைப் பார்த்து ஒப்புதல் தருகிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: “ஒரு பெரிய எரிவாயு மின் நிலையத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தால், கட்டுமானம் தொடங்கிவிடும் என்று பொருளா? வேறு யார் யார் சம்மதிக்க வேண்டும்? சாதாரண மனிதர் அந்த விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்க நினைத்தால் எங்கே தொடங்குவது?”

முதல் கேள்விக்கு விடை, இல்லை. அப்படி ஒரு செய்தியைப் பார்த்ததும் ‘எந்த ஒப்புதல்?’ என்று கேட்டுவிடுங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். அமெரிக்காவில், மின் நிறுவனமே நிலையத்தைக் கட்டி அந்தச் செலவை மின்கட்டணத்தில் வசூலிக்கிற மாநிலங்களில், ‘இது பொதுமக்களுக்குத் தேவைதான்’ என்ற சான்றை மாநில ஆணையம் தர வேண்டும். புகைக்கான அனுமதி தூய காற்றுச் சட்டத்தின் கீழ் தனியாக வரும். மாநிலம் விட்டு மாநிலம் வரும் எரிவாயுக் குழாய்க்குக் கூட்டரசின் எரிசக்தி ஆணையம் தனியாகச் சரி சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட எரிவாயு நிலையம் என்றால் 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி அமைச்சரே முடிவெடுக்கிறார். இந்தியாவில் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் மின் உற்பத்திக்கு உரிமம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். விநியோக நிறுவனத்துக்கு மின்சாரம் விற்பதானால் அந்த விலை ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வர வேண்டும்.

அலுவலகங்களின் பெயர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். இந்த மின்சாரம் தேவையா? செலவு யார் தலையில் விழும்? புகை எங்கே போகும்? தண்ணீர் எங்கிருந்து வரும்? எரிவாயு வந்து சேருமா? மின்கட்டமைப்பு இதைத் தாங்குமா? பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு என்ன ஆகும்? ஒவ்வொரு கேள்விக்கும் விண்ணப்பத்தில் ஓர் அத்தியாயம் இருக்கும். அந்தந்த அத்தியாயத்தை அந்தந்த அலுவலகம் படிக்கும். எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். காற்றைப் பார்க்கிறவர் நிதிக் கணக்கைப் பார்ப்பதில்லை. நிதியைப் பார்க்கிறவர் எரிவாயு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைப் புரட்டுவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் படிக்கிற ஆள் பல நேரம் எந்த அலுவலகத்திலும் இருக்க மாட்டார். அந்த வேலையை நீங்கள் செய்யலாம். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம், பொறுமை போதும்.

தேவை அத்தியாயத்தில் தொடங்குங்கள். புகை கூடினால் அதைச் சுத்தப்படுத்தும் வினையூக்கியைப் பெரிதாக்கலாம். சத்தம் கூடினால் தடுப்புச் சுவர் எழுப்பலாம். தேவையில்லாத நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. அது ஓடினாலும் ஓடாவிட்டாலும், போட்ட முதலுக்கான நிலைக்கட்டணம் 25, 30 ஆண்டுகளுக்கு யாரோ ஒருவர் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

தபோல் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் முன்னெடுத்த, மொத்தம் 2,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டம். இது பொருளாதார ரீதியில் நிற்காது என்று சொல்லி 1993இல் உலக வங்கி கடன் தர மறுத்தது. இருந்தும் அதே ஆண்டின் கடைசியில் மாநில மின்வாரியத்துடன் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கொடுத்தாக வேண்டும், அதில் பெரும்பகுதி டாலர் மதிப்போடு கட்டப்பட்டது. முதல் கட்டம் 1999இல் ஓடத் தொடங்கியபோது எரிபொருள் எரிவாயுகூட அல்ல, நாப்தா என்ற பெட்ரோலியத் திரவம். விலை மின்வாரியத்தின் கைக்கு எட்டவில்லை. 2001 மே மாதம் நிலையம் நின்றது. அனுமதிகளெல்லாம் கையில் இருந்தன. ‘இவ்வளவு மின்சாரம், இந்த விலையில், வாங்க ஆள் உண்டா?’ என்பதற்கு மட்டும் யாரும் உறுதியான விடை சொல்லவில்லை.

நேர்மாறான ஓர் உதாரணம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம். பழைய நிலக்கரி நிலையங்களுக்குப் பதிலாக 850 மெகாவாட்டில் ஒரே பெரிய எரிவாயு நிலையம் கட்ட வெக்ட்ரென் நிறுவனம் விண்ணப்பித்தது. அதன் மின் வாடிக்கையாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. 2019 ஏப்ரலில் மாநில ஆணையம் மறுத்துவிட்டது. இவ்வளவு சிறிய நிறுவனம் இத்தனை பெரிய ஒற்றை முதலீட்டில் மாட்டிக்கொண்டால், நாளை சந்தை மாறும்போது வாடிக்கையாளர்தான் சுமப்பார், மாற்று வழிகளை நிறுவனம் போதுமான அளவு ஆராயவில்லை என்பது ஆணையத்தின் வாதம். நிறுவனம் திரும்பிப் போய்க் கணக்குப் போட்டது. 2022இல் அதே ஆணையம் ஒப்புதல் தந்தது 460 மெகாவாட்டுக்கு. உச்ச நேரத்தில் சட்டென ஓட்டக்கூடிய இரண்டு டர்பைன்கள், அதாவது எரிவாயுவில் சுழன்று மின்னாக்கியை ஓட்டும் எந்திரங்கள். ஆணையம் தன் வேலையைச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். ஏறக்குறைய பாதி அளவிலேயே வேலை முடிந்தது.

தேவை அத்தியாயத்தில் ஒரு வரைபடம் இருக்கும். இடப்பக்கம் கடந்த பத்தாண்டின் மின் தேவை, வலப்பக்கம் வரப்போகும் பத்தாண்டின் கணிப்பு. இடப்பக்கக் கோடு படுத்துக் கிடந்து, வலப்பக்கம் மட்டும் மலையேறினால் அங்கேயே நின்று காரணம் கேளுங்கள். இப்போது அந்த ஏற்றத்துக்குச் சொல்லப்படும் பெரிய காரணம் தரவு மையங்கள். அந்தத் தேவை உண்மையானதுதான். ஆனால் ஒரே தரவு மையம் இடம் தேடும்போது நாலைந்து மின் நிறுவனங்களிடம் இணைப்புக் கேட்கிறது. ஐந்து நிறுவனங்களும் அதைத் தங்கள் கணிப்பில் எழுதிக்கொள்கின்றன. ஆகவே கேட்க வேண்டியது, ‘இதில் எத்தனை மெகாவாட்டுக்குக் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறது? வாடிக்கையாளர் நடுவில் விலகினால் அபராதம் உண்டா?’ அமெரிக்கா இதை முன்பே ஒருமுறை அனுபவித்தது. 1990களின் கடைசியில் தொடங்கி எல்லோரும் ஒரே நேரத்தில் எரிவாயு நிலையங்களைக் கட்டினார்கள். தேவை அவ்வளவு வளரவில்லை, எரிவாயு விலையும் ஏறியது. அந்த அலையில் பெரிதாக வளர்ந்த கால்பைன் நிறுவனம் 2005 டிசம்பரில் திவாலுக்கு விண்ணப்பித்தது. அங்கே அடி பெரும்பாலும் முதலீட்டாளருக்கு விழுந்தது. கட்டணத்தில் செலவை மீட்கும் முறையில் அதே தவறு நடந்திருந்தால் வீட்டு மின்கட்டணத்தில்தான் விழுந்திருக்கும்.

அடுத்தது காற்று. இங்கே நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நிலையத்துக்கான பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வருஷத்துக்கு எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திக் கிளப்புவீங்க?” நிறுவனத்தின் பொறியாளர் கோப்பைப் புரட்டி, காற்று அத்தியாயத்தில் இருந்தபடி, “50 முறை” என்றார். பெரியவர் உட்காரவில்லை. கையில் சுருட்டி வைத்திருந்த தாளைப் பிரித்தார். நிதி அத்தியாயத்தில் ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தார். சூரிய மின்சாரம் அடங்குகிற மாலை நேரத்தில் தினமும் இந்த நிலையம் ஓடும், அந்த விலை உயர்ந்த நேரத்து விற்பனைதான் வருமானத்தின் அடிப்படை என்று அதில் எழுதியிருந்தது. தினமும் மாலை ஓட வேண்டுமானால் தினமும் கிளம்ப வேண்டும். ஆண்டுக்கு 50 எப்படிப் போதும்? கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. இரண்டு அத்தியாயங்களையும் இரண்டு ஆலோசனை நிறுவனங்கள் எழுதியிருந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவே இல்லை.

கிளப்பும் எண்ணிக்கைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? எரிவாயு டர்பைனுக்குள் தீச்சுடரின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உருவாகிறது. எரிவாயு எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் இது வரும், ஏனெனில் நைட்ரஜன் வருவது காற்றிலிருந்து. எரிவாயுவையும் காற்றையும் முன்கூட்டியே நன்றாகக் கலந்து எரிக்கும் டர்பைன்கள் இதைப் பத்து லட்சத்தில் 9 முதல் 25 பங்கு வரை இறக்கிவிடும். அதன் பிறகு புகைவழியில் அம்மோனியா தெளித்து வினையூக்கியின் மேல் செலுத்தினால் 2 பங்கு வரைகூட இறங்கும். ஆனால் இவை இரண்டும் நிலையம் சூடேறி நிதானமாக ஓடும்போதுதான் நடக்கும். கிளம்பும் முதல் அரை மணி, ஒரு மணி நேரத்தில் சுடர் இன்னும் நிலைப்படவில்லை, வினையூக்கி குளிர்ந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் புகைபோக்கியின் உச்சியைப் பார்த்தால் சில நிலையங்களில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு திரை எழும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. அரை மணி கழித்துப் பார்த்தால் வானம் வெறுமையாக இருக்கும். கூட்டத்துக்கு வருகிற அதிகாரிகள் பெரும்பாலும் அந்த வெறுமையான வானத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

அதனால் காற்று அனுமதியில் ‘ஆண்டுக்கு இத்தனை டன்’ என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு, கிளம்பும்போது எவ்வளவு, எத்தனை தடவை கிளம்பலாம் என்ற மூன்றும் நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிராவிட்டால் அளக்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. புகைபோக்கியில் தொடர்ந்து அளக்கும் கருவி இருக்க வேண்டும், அந்தப் பதிவு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்ற வரியும் அங்கே இருக்க வேண்டும். மாற்று எரிபொருளாக டீசல் வைத்துக்கொள்கிற நிலையம் என்றால் டீசலில் ஓடும் மணி நேரத்துக்குத் தனி வரம்பு கேளுங்கள். புகை பரவலைக் கணினியில் கணக்கிடும்போது பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் ஆலைகளையும் சேர்த்தார்களா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. காற்றுக்கு விண்ணப்ப எல்லை தெரியாது.

ஏற்கெனவே ஒரு நிலையம் இருக்கும் இடத்தில் ‘விரிவாக்கம்’ என்று வருவதில் சிக்கல் அதிகம். அமெரிக்காவின் அரிசோனாவில் கூலிட்ஜ் நிலையத்துக்கு 820 மெகாவாட்டில் 16 டர்பைன்கள் சேர்க்கக் கேட்டார்கள். ஒட்டியிருந்த ராண்டால்ஃப் தலைமுறைகளாகக் கறுப்பினக் குடும்பங்கள் வாழும் சிற்றூர். ‘ஏற்கெனவே இருக்கிற சத்தமும் புகையும் போதும்’ என்று அவர்கள் சொன்னார்கள். மாநில ஆணையம் 2022 ஏப்ரலில் மறுத்தது. பின்னர் ஊராருடன் உடன்பாடு ஏற்பட்டு, 12 டர்பைன்களோடு 2023இல் அனுமதி கிடைத்தது. அந்த ஊரார் முழுதாக வென்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேசாமல் இருந்திருந்தால் 16 வந்திருக்கும்.

எரிவாயு எங்கிருந்து வரும் என்ற கேள்வியை மின் நிலைய விண்ணப்பங்கள் ஒரே பத்தியில் கடந்துவிடும். அது அவ்வளவு சின்ன விஷயமில்லை. 1,000 மெகாவாட் கம்பைண்டு சைக்கிள் நிலையம் (டர்பைனின் கழிவு வெப்பத்தில் நீராவி உண்டாக்கி அதிலும் மின்சாரம் எடுப்பது) முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 40 லட்சம் கன மீட்டர் எரிவாயு வேண்டும். இதை நிலக்கரி போல முற்றத்தில் குவித்து வைக்க முடியாது. எரிக்கும் நொடியில் குழாயில் வந்துகொண்டிருக்க வேண்டும். இந்தியாவில் கிருஷ்ணா–கோதாவரி படுகையின் எரிவாயுவை நம்பிப் பல நிலையங்கள் கட்டப்பட்டன. அங்கே உற்பத்தி சரிந்ததும் 14,305 மெகாவாட் அளவுக்கு நிலையங்கள் எரிவாயு இல்லாமல் முடங்கின. டர்பைன், புகைபோக்கி, வங்கிக் கடன் எல்லாம் இருந்தன. எரிபொருள் மட்டும் இல்லை. டெக்சாஸில் 2021 பிப்ரவரிக் குளிரில் வேறு விதமாக நடந்தது. கிணற்று முனைகள் உறைந்தன, எரிவாயுவைத் தள்ளும் நிலையங்களுக்கே மின்சாரம் நின்றது, எரிவாயு வராததால் மின் நிலையங்கள் நின்றன. ஒன்று மற்றதைக் கீழே இழுத்தது. எனவே ஒப்பந்தம் ‘உறுதியானதா’, ‘இடம் இருந்தால் மட்டும் தருவோம்’ என்கிற வகையா என்று பாருங்கள். இரண்டாவது வகை மலிவு. தேவை அத்தியாயத்தில் ‘நெருக்கடி நேரத்தில் கைகொடுக்கும் நிலையம்’ என்று எழுதிவிட்டு எரிபொருள் அத்தியாயத்தில் மலிவான ஒப்பந்தத்தை வைத்திருந்தால், அந்த நெருக்கடி நேரத்தில் முதலில் நிற்கப்போவது அந்த நிலையம்தான்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆவியாக்கிக் குளிர்விக்கும் கோபுரம் என்றால் 1,000 மெகாவாட்டுக்கு மணிக்கு 7 முதல் 8 லட்சம் லிட்டர் வரை காற்றில் போய்விடும். கார் ரேடியேட்டர் போலக் காற்றாலேயே குளிர்விக்கும் முறையில் அந்தச் செலவு ஏறக்குறைய இல்லை. பதிலுக்கு வெயில் நாளில் உற்பத்தி குறையும், பெரிய விசிறிகள் இரவிலும் இரையும். வறண்ட இடத்தில் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன், விசிறிச் சத்தத்துக்கு இரவு வரம்போடு. மின்கட்டமைப்பு ஆய்வு தனி உலகம். உங்களுக்கு அதில் வேண்டியது ஒரே வரிதான்: கம்பித்தடத்தையும் துணைமின் நிலையத்தையும் வலுப்படுத்த ஆகும் செலவு யார் கணக்கில்?

பருவநிலைக் கேள்வி இன்னும் எல்லா நாட்டிலும் ஒரே எடையோடு கேட்கப்படுவதில்லை. கம்பைண்டு சைக்கிள் நிலையம் யூனிட்டுக்கு 350 முதல் 400 கிராம் கரியமில வாயு விடும். நிலக்கரியில் அது இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் கிணற்றிலிருந்து டர்பைன் வரை வழியில் கசியும் மீத்தேன் (எரிவாயுவின் பெரும்பகுதி இதுதான்) அந்த எண்ணில் இல்லை. 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல 80 மடங்கு சூடேற்றும் என்பதால், கசிவு சில சதவீதம் என்றாலே நிலக்கரியை விட மேல் என்ற வாதம் பலவீனமாகிவிடும். விண்ணப்பத்தில் கசிவு பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அந்த இல்லாமையையே ஆட்சேபணையாக எழுதிக் கொடுங்கள்.

இங்கிலாந்தில் டிராக்ஸ் நிறுவனம் 3,600 மெகாவாட் எரிவாயு டர்பைன்களுக்கு விண்ணப்பித்தபோது, பருவநிலைக்கு ஆகும் கேடு நன்மையை விட அதிகம், மறுத்துவிடுங்கள் என்று ஆய்வு செய்த திட்டமிடல் அலுவலகமே பரிந்துரைத்தது. அமைச்சர் 2019 அக்டோபரில் அதை மீறி ஒப்புதல் தந்தார். கிளையன்ட் எர்த் என்ற சுற்றுச்சூழல் சட்ட அமைப்பு வழக்குப் போட்டது. 2020 மே மாதம் உயர் நீதிமன்றத்திலும் 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. அடுத்த மாதமே நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அரசின் ஒப்புதல், இரண்டு நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் கையில் இருந்தும் ஒரு டர்பைன்கூட வரவில்லை. ஒப்புதல் என்பது கட்டலாம் என்ற அனுமதிதான், கட்டியே தீருவோம் என்ற வாக்குறுதி கிடையாது. அதற்குக் காலாவதியும் உண்டு. அமெரிக்கக் காற்று அனுமதியில் 18 மாதத்துக்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும், இல்லையேல் நீட்டிப்புக் கேட்டு மறுபடி வர வேண்டும். பெரிய டர்பைன் செய்வோர் உலகில் மூன்றே மூன்று பெரிய நிறுவனங்கள், வாங்கக் காத்திருக்கும் வரிசையோ இப்போது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஆகவே இந்தக் காலக்கெடு வெறும் சடங்கில்லை. நீட்டிப்புக் கேட்கும் நாளில் பழைய கணிப்பை மறுபடி மேசைமேல் வைக்கச் சொல்லலாம்.

கட்டுமானக் காலத்து நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. படியுங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 620 மெகாவாட் கிளீன் எனர்ஜி நிலையம் முடியும் தறுவாயில் இருந்தபோது, 2010 பிப்ரவரி 7 அன்று, புதிய குழாய்களுக்குள் கிடந்த உலோகத் துகள்களை வெளியே தள்ள இயற்கை எரிவாயுவையே வேகமாக ஊதினார்கள். கட்டடங்களுக்கு நடுவே தேங்கிய எரிவாயு தீப்பிடித்து வெடித்ததில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே வேலையை அழுத்தக் காற்றிலோ நைட்ரஜனிலோ செய்யலாம்; அந்த விபத்துக்குப் பிறகு பாதுகாப்பு விதிகள் அதைத்தான் வலியுறுத்தின. ‘குழாய் சுத்தம் செய்ய எரிவாயு பயன்படுத்தக் கூடாது’ என்ற ஒற்றை வரி ஒப்புதல் ஆணையில் இருக்கிறதா என்று நான் இன்றும் ஒவ்வொரு ஆணையிலும் தேடிப் பார்க்கிறேன்.

எப்போது பேசுவது என்பது மிச்சம். பலர் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத்தான் முதல்முறை வருகிறார்கள். அதற்குள் இடம், அளவு, டர்பைன் வகை எல்லாம் முடிவாகியிருக்கும். சுற்றுச்சூழல் ஆய்வில் எதையெதை ஆராய வேண்டும் என்று வரையறுக்கும் கட்டம் ஒன்று அதற்கு முன்பே வரும். ‘ஆண்டுக்கு எத்தனை தடவை கிளம்பும் என்பதை நிதிக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்’ என்று அப்போதே எழுதிக் கொடுத்தால், ஆய்வு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பின்னால் மேல்முறையீட்டுக்குப் போனால் ‘இதை முன்பே எழுப்பினீர்களா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். பேச்சாகச் சொன்னது பெரும்பாலும் பதிவில் ஏறாது.

அந்தப் பெரியவர் கேட்டதன் முடிவையும் சொல்லிவிடுகிறேன். காற்றுக் கணக்கைத் திரும்பப் போட்டுக் கொண்டுவரும்படி நிறுவனத்துக்கு உத்தரவானது. புதிய கணக்கில் புகைபோக்கியை உயர்த்தினார்கள், வினையூக்கி சீக்கிரம் சூடேற ஏற்பாடு சேர்த்தார்கள், ஆண்டுக்கு இத்தனை தடவைதான் கிளம்பலாம் என்ற வரம்பு ஒப்புதல் ஆணையில் எண்ணோடு ஏறியது.